துணிப்பைக்குள் ஒன்றே முக்கால் லட்சம்

ரெண்டு பவுன் சங்கிலியை வைக்க லாக்கர் காலியா இருக்கா சார் என்று கேட்டு வருகிறவர்களை எங்கள் கிளையில் தினமும் பார்க்கிறேன். நியாயம்தான். ஆனால் அதே மனிதர்கள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பையனுக்கோ பெண்ணுக்கோ ஆசை ஆசையாய் வாங்கிக் கொடுத்த கிட்டார், அந்தச் சங்கிலிக்குக் கொஞ்சமும் குறையாத விலையில், ஜிப் போன துணிப்பைக்குள் கதவு மூலையில் சாய்ந்து நிற்கும். வீட்டில் நிற்கிற வரைக்கும் பாதகமில்லை. அதே பையோடு விமானத்தில் ஏறுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் அடியேனுக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. பெண்ணுக்கு 19 வயது, பெங்களூரில் படிப்பு, கையில் பேஸ் கிட்டார். நாங்கள் கல்கத்தாவில். ஃபெண்டர் பிரிசிஷன், 1,75,000 ரூபாய். (இந்தத் தொகையை ஊரில் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படிக்கிற சொந்தக்காரர்கள் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம்.)

பேஸ் கிட்டார் என்றால் எது என்று கேட்பவர்களுக்கு: ராஜா பாட்டுகளில் மேலே வயலினும் குரலும் போய்க்கொண்டிருக்கும்போது, அடியில் தனியாக ஒரு பாட்டு ஓடுமே, அதுதான். அவருடைய குழுவில் சசிதரன் வாசித்தார். ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ். என் பெண்ணுக்கு ஆதர்சம் மும்பைக்காரரான மோகினி டே. நாலு கம்பி, நீளமான கழுத்து, கனமான உடல். இந்த நீளமும் கனமும்தான் நம்முடைய தலைவலிக்கு மூலம்.

வருஷத்துக்கு நாலு முறை அவள் இங்கே வந்து போகிறாள். ரயிலில் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும், கல்லூரி லீவோ அஞ்சு நாள். ஆக விமானம்தான். 46 அங்குல நீளத்துக்குக் குறையாத ஒரு வஸ்துவைக் கேபினில் தலைக்கு மேல் வைக்க விடுவார்களா என்பது அன்றைக்கு வாசலில் நிற்கிறவரின் மனநிலையைப் பொறுத்தது. அவர் மறுத்துவிட்டால் கிட்டார் கீழே சரக்கு அறைக்குப் போகும், அதுவும் துணிப்பையோடு. தனி இருக்கை வாங்கி உட்கார வைக்கலாம், சில நிறுவனங்கள் விற்கவும் செய்கின்றன. வருஷத்துக்கு எட்டு டிக்கெட் கூடுதலாக வாங்க நான் சேர்மன் இல்லையே.

சரி, மேட்டருக்கு வருவோம். என்னுடைய கட்சி இதுதான்: நல்ல வாத்தியம் வாங்குகிற அன்றைக்கே பெட்டிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், அந்தப் பெட்டியைக் கிட்டாரின் விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், அது போகப்போகிற வழியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கடைக்காரர்கள் இரண்டாவது விஷயத்தைச் சொல்லவே மாட்டார்கள்.

முதலில் பணக் கணக்கு. பி.காம். படித்தவன் வேறெங்கே ஆரம்பிப்பான்!

இந்தியாவுக்குள் பறக்கும்போது செக்-இன் சாமான் தொலைந்தாலும் உடைந்தாலும் விமான நிறுவனம் தர வேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பு பயணி ஒருவருக்கு 20,000 ரூபாய். வெளிநாட்டுப் பயணத்துக்கு மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்குப் பணம், எங்களைப் போன்றவர்களைத் தவிர வேறு யாருக்கும் பிரயோஜனமில்லாதது. சுமார் 2,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவையெல்லாம் உச்சவரம்புதான், உடைந்த மறுநாளே கையில் எண்ணி வைத்துவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. இதற்கு மேல் வேண்டுமென்றால், சாமானை ஒப்படைக்கும்போதே மதிப்பை எழுதிக் கொடுத்து அதற்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த உடன்படிக்கையில் இன்னொரு வரியும் உண்டு. பொருளின் சொந்தக் குறையால் வந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை. துணிப்பையோடு கவுன்டரில் நின்றால் 'லிமிடெட் ரிலீஸ்' என்று ஒரு சீட்டைக் கட்டி உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். உடையக்கூடியதைச் சரியாகக் கட்டாமல் நானே கொடுத்தேன் என்று நீங்களே எழுதித் தருவதுதான் அது.

என் சக அதிகாரி ஒருவரின் பையனுக்கு இதுதான் நடந்தது. பேஸ் கிட்டார், பஞ்சு வைத்த பை, கையெழுத்து எல்லாம் ஆயிற்று. பெல்ட்டில் வந்த பையைத் திறந்தால் தலை தனியாக, கழுத்து தனியாக. கம்பிகள் மட்டும் இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தன. மூன்று மாசம் மின்னஞ்சல் எழுதி, கடைசியில் வந்த தொகை ரிப்பேர் செலவில் பாதிகூடக் காணாது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எந்த நிறுவனமாக இருந்தாலும் அந்தக் கையெழுத்துக்கு அதே மதிப்புதான்.

ஆக 1,75,000 ரூபாய் பொருளில் 20,000 போக மீதி 1,55,000 உங்கள் தலையில். கடன் கொடுக்கும்போது நாங்கள் மார்ஜின் கேட்போமே, அந்த மாதிரிப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வாத்தியத்தின் விலையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் பெட்டிக்குப் போனால் எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. பொது இன்சூரன்ஸ் நிறுவனங்களிடம் 'ஆல் ரிஸ்க்' பாலிசியும் உண்டு. எதற்கெல்லாம் கிடையாது என்கிற பகுதியை முதலில் படித்துவிட்டு எடுங்கள். இன்சூரன்ஸ் விற்கிற வங்கிக்காரனே இதைச் சொல்கிறேன் :-)

இப்போது பெட்டி. 'ஃபிளைட் கேஸ்' என்ற பெயரைக் கேட்டதும் விமானத்துக்கு என்றே செய்தது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று தோன்றும். ப்ளைவுட் பலகை, ஓரமெல்லாம் அலுமினியப் பட்டை, மூலைக்கு இரும்புக் குமிழ், முறுக்கிப் பூட்டுகிற பட்டாம்பூச்சித் தாழ், உள்ளே ஃபோம். கச்சேரிக்காரர்கள் லாரியிலிருந்து இறக்குவார்களே, அந்தக் கறுப்புப் பெட்டிதான். அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் 'ஸ்பெக் 300' என்கிற விதிமுறையிலிருந்து வந்த வழக்கம் இது. அதன் முதல் தரப் பெட்டி குறைந்தது நூறு முறை போய்வரத் தாங்க வேண்டும். ஆனால் பெட்டியில் 'ஏ.டி.ஏ.' என்று ஒட்டியிருப்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். பல இடங்களில் அது செய்தவரே ஒட்டிக்கொண்ட பட்டம்.

இங்கே கல்கத்தாவில் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு இதைச் செய்து கொடுப்பவர்கள் உண்டு. ஒருவரைப் போய்ப் பார்த்தேன். "தாதா, இது மேலே யானை ஏறி நின்றாலும் ஒண்ணும் ஆகாது" என்றார். (இங்கே தாதா என்றால் அண்ணன். நம்ம ஊர் சினிமா தாதாவை நினைத்துப் பயப்பட வேண்டாம்.) நல்ல வேலைக்காரர், பொய் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். எடை எவ்வளவு என்று கேட்டால், காலியாக 12 கிலோ.

அங்கேதான் எனக்குக் கணக்கு இடித்தது. உள்நாட்டு டிக்கெட்டில் பொதுவாக செக்-இன் சாமானுக்கு 15 கிலோ. பெட்டி 12, கிட்டார் நாலேகால். பெட்டிக்குள் ஒரு கைக்குட்டைகூட வைக்காமலே வரம்பைத் தாண்டிவிட்டது. பெண்ணின் துணிமணி, தங்கமணி கட்டிக் கொடுக்கிற பருப்புப்பொடி, ஊறுகாய் எல்லாவற்றுக்கும் கூடுதல் காசு. ஒவ்வொரு முறையும். அது போக, 16 கிலோவில் நாலடிக்கு மேல் நீளமான பெட்டியை ஒற்றை ஆள் தூக்கி வைக்க மாட்டார், இழுப்பார், நழுவினால் அதன் கனமே அதற்கு எதிரி. ஹாஸ்டலில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி வேறு.

இது போக நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. பேஸ் பெட்டி எதுவாக இருந்தாலும் இதைத் தாண்டும். நீளமே 120-க்கு மேல். ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே வாத்தியம் வருகிறது என்று எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் சொன்னதை யாரும் கவுன்டரில் ஏற்க மாட்டார்கள்.

அப்படியானால் லாரிப் பெட்டி வேண்டாமா? லாரியில் போகிறவர்களுக்கு வேண்டும். மேலே ஸ்பீக்கரை அடுக்குவார்கள், மழையில் இறக்குவார்கள், வாரம் இரண்டு ஊர் போவார்கள். அவர்களுக்கு அதைவிட நல்லது இல்லை. வருஷத்துக்கு எட்டு முறை பறக்கிற மாணவிக்கு அது யானைக்குச் செய்த அம்பாரியைப் பூனை மேல் ஏற்றுகிற வேலை.

ஏனென்றால் கிட்டார் எப்படி உடைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மேலே எதையாவது வைத்து நசுங்குவது ஒரு வகை. நான் விசாரித்த ரிப்பேர்காரர்கள் அதிகம் பார்ப்பதாகச் சொன்னது வேறு. பெட்டி நின்ற வாக்கில் மல்லாக்க விழுகிறது. பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை. உள்ளே உடல் சட்டென்று நின்றுவிடுகிறது, தலை நிற்பதில்லை. சாவிகளின் கனத்தோடு அது பின்னால் உதறிக்கொண்டு போகிறது. பஸ்ஸில் பிரேக் போட்டால் நம் கழுத்துக்கு ஆவதுதான். கிப்ஸன் தண்டர்பேர்ட் மாதிரித் தலை பின்பக்கம் சாய்ந்திருக்கிற பேஸ்களில், அந்த வளைவில் மரத்தின் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும், அங்கேதான் பிளக்கும். சக அதிகாரியின் பையனுடையது அந்த ஜாதி. லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷனில் தலை கழுத்தோடு நேர்கோட்டில் இருக்கிறது, கழுத்தும் உடலோடு திருகாணியால்தான் பூட்டியிருக்கிறது. அதனால் கொஞ்சம் தெம்பு. கழுத்தைக் கழற்றியே கொண்டுபோகலாம் என்று சிலர் சொல்வார்கள். எப்போதாவது என்றால் சரி. வருஷம் எட்டு முறை கழற்றி முடுக்கினால் மரத்தில் திருகுக் குழி தேய்ந்துவிடும்.

ஆக, வெளிச்சுவர் எவ்வளவு தடிமன் என்பதைவிட உள்ளே கிட்டார் அசைகிறதா என்பதுதான் கேள்வி. இதைச் சோதிக்க நிபுணர் வேண்டாம். கிட்டாரை உங்கள் கையாலேயே எடுத்துக் கடைக்குப் போங்கள். அளவைச் சொல்லி வாங்காதீர்கள். சாதாரண கிட்டாரின் கம்பி நீளம் இருபத்தைந்தரை அங்குலம், பேஸுக்கு 34. 'எல்லாத்துக்கும் பொருந்தும் சார்' என்றால் எதற்கும் பொருந்தாது என்று அர்த்தம். வைத்து மூடி, நிமிர்த்தி, இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். சின்ன 'டொக்' சத்தம் வந்தாலும் வேண்டாம். பிறகு திறந்து பாருங்கள். கழுத்துக்கு அடியில் தாங்கல் இருக்க வேண்டும். தலை எதையும் தொடாமல் மிதக்க வேண்டும், பின்பக்கமும் முனையிலும் விரல் நுழைகிற இடைவெளியோடு. உடலின் அடியில் தோள்பட்டை மாட்டுகிற பொத்தான் இருக்கிறதல்லவா, அது நேராகப் பெட்டிச் சுவரில் இடிக்கக்கூடாது. பெட்டி செங்குத்தாக விழுந்தால் அந்தப் பொத்தான் ஆணி மாதிரி மரத்துக்குள் இறங்கும். ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்தினால் உடனே எழும்பி வர வேண்டும். அமுங்கியது அமுங்கியபடியே கிடந்தால் அது மெத்தைக்கடைப் பஞ்சு. தாழ்கள் குழிக்குள் அடங்கியிருக்க வேண்டும், துருத்திக்கொண்டிருந்தால் பெல்ட்டில் மாட்டிப் பிய்த்துக்கொண்டு வரும்.

இத்தனையும் பார்த்தபின் நான் நிற்கிற இடம் வார்ப்பு பிளாஸ்டிக் பெட்டி. எஸ்.கே.பி., ஹிஸ்காக்ஸ், கேட்டர் என்று பல பெயரில் பல விலையில் வருகின்றன. நான் கையில் எடுத்துப் பார்த்தது ஆறு கிலோவுக்குள். கிட்டாரோடு பத்து, பாக்கி அஞ்சு கிலோ ஊறுகாய்க்கு. கல்லூரிக்கும் ரிகர்சலுக்கும் அதே பழைய துணிப்பை போதும், தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறலாம். ரயிலானாலும் அப்படித்தான், மேல் பெர்த்தில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கலாம். எங்கள் வீட்டு விவகாரத்தில் பெட்டிக்குச் சொன்ன விலை 22,000. பதிமூன்று சதவீதத்துக்கும் கீழே, மார்ஜினுக்குள் அடங்கிவிட்டது.

தங்கமணியின் கட்சி வேறு. "பெங்களூருக்குப் பத்தாயிரத்துல ஒண்ணு வாங்கிக் குடுங்க, நல்லது இங்கேயே பத்திரமா இருக்கட்டும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, நிறைய வீடுகளில் இதுதான் முடிவாகவும் ஆகிறது. எனக்கு உடன்பாடில்லை. அவள் தினமும் வாசிப்பது அங்கே. நல்லதைக் கல்கத்தாவில் பூட்டிவைத்துவிட்டு, அங்கே மட்டமானதில் விரலைப் பழக்கினால், வாங்கியதற்கு என்ன பொருள்? தவிர இந்த ஊர் ஜூலை மாதத்து ஈரத்தில் அலமாரியில் கிடக்கிற மரம் சுகமாக இருக்கும் என்று யார் சொன்னது? பெண் ஒன்றும் பேசவில்லை. "அப்பா, எதுவானாலும் செமஸ்டருக்கு முன்னாடி சொல்லுங்க" என்றாள். அவளுக்குக் குழு ஒன்று இருக்கிறது, செப்டம்பரில் வாசிக்க வேண்டும்.

கொஞ்சம் கொசுவத்தி. எங்கள் பாட்டியின் வீணை தஞ்சாவூரிலிருந்து மதராசுக்கு ரயிலில் வந்தது. பலாமரத்து வீணைக்கு ஒரு மரப்பெட்டி, குடத்தைச் சுற்றிப் பழைய ஒன்பது கஜம் புடவைகள், யாளி முகத்துக்குத் தனியாக ஒரு தலையணை உறை. ஸ்பெக் 300 எதுவும் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் யாளி எதிலும் இடிக்கக்கூடாது, குடம் ஆடக்கூடாது என்பது தெரிந்திருந்தது. வெளிநாடு போகிற வித்வான்கள் இப்போது ஃபைபர் கிளாஸ் பெட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளை கிட்டார் வாசிக்கவில்லை, வீணைதான் என்கிற வீடுகளுக்கும் மேலே சொன்ன ஆட்டிப் பார்க்கிற சோதனை அப்படியே செல்லும்.

புறப்படுமுன் கம்பிகளைச் சிலர் முழுக்கத் தளர்த்திவிடுவார்கள். வேண்டாம். பேஸின் நாலு கம்பியும் சேர்ந்து எழுபது எண்பது கிலோ அளவுக்குக் கழுத்தை இழுக்கின்றன, உள்ளே இருக்கிற இரும்புக் கம்பி அதை எதிர்த்து நிற்கிறது. ஒரு பக்கத்தை மொத்தமாக விட்டுவிட்டால் கழுத்து மறுபக்கம் வளையப் பார்க்கும். ஒன்றிரண்டு சுருதி இறக்கினால் போதும். வந்து சேர்ந்ததும் உடனே திறக்காதீர்கள். சரக்கு அறைக் குளிரிலிருந்து வந்த மரத்தின் மேல் கல்கத்தா காற்று பட்டால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தம்ளர் மாதிரி வியர்க்கும். ஒரு மணி நேரம் மூடியே வைத்திருந்துவிட்டுத் திறங்கள். பழைய காலத்து நைட்ரோ செல்லுலோஸ் வார்னிஷ் போட்ட கிட்டாரானால், சில வகை ரப்பரும் ஃபோமும் நாள்பட அதோடு ஒட்டிக் கறையாக்கிவிடும். நடுவில் ஒரு பருத்தித் துணி போட்டுவிடுங்கள். இப்போது வருகிற பெரும்பாலான கிட்டார்களுக்கு இந்தக் கவலை இல்லை.

உடைந்தால் என்ன செய்வது? விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் அங்கேயே திறந்து பார்த்து, அங்கேயே எழுதிக் கொடுத்து, நகல் வாங்குங்கள். கனடாக்காரர் டேவ் கேரல் கதை பலருக்கு நினைவிருக்கும். 2008-இல் யுனைடெட் விமானத்தில் அவருடைய 3,500 டாலர் டெய்லர் கிட்டார் உடைந்தது. 24 மணி நேரத்துக்குள் கேட்கவில்லை என்று சொல்லி இழப்பீடு மறுத்தார்கள். மனிதர் 2009-இல் அதைப் பாட்டாக்கி யூட்யூபில் போட்டு உலகமெல்லாம் சிரிக்க வைத்தார். நமக்குப் பாட்டு எழுத வராது, எழுதினாலும் கேட்க ஆள் வராது. சேதத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்க மான்ட்ரியல் உடன்படிக்கை தருவது ஏழு நாள். அதை ஏழு நிமிஷம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டாரின் சீரியல் நம்பர், பில், மூடுமுன் எடுத்த ஃபோட்டோ மூன்றும் கைப்பேசியில் இருக்கட்டும்.

பெட்டியின் சின்னப் பையில் பவர் பேங்க் கிடக்கிறதா என்று இருமுறை பாருங்கள். பிள்ளைகள் அதை அங்கேதான் போடுவார்கள். செக்-இன் சாமானில் அதற்கு அனுமதி இல்லை, ஸ்கேனரில் தெரிந்தால் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு உங்களைத் தேடுவார்கள். பெயரும் ஃபோன் நம்பரும் எழுதிய சீட்டை மூடியின் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று ஒட்டுங்கள். வெளிச்சீட்டு பெல்ட்டில் கிழிந்துபோகும்.